இல்லமும் அடுக்களையும்: முட்டை ரோல்

மழைக்காலம் வந்துவிட்டால் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பசி மிகுதியாகும். பள்ளியினின்று திரும்பும்போதே சூடாக ஏதேனும் வேண்டும் என்று கேட்பர். முன்னாளில் சுண்டலும் பணியாரமும் கேட்ட குழந்தைகள் இந்நாளில் கேட்பது கடைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் முட்டை ரோல். இதனை 'முட்டைச் சுருள்' என்று நாம் அழகாகத் தமிழாக்கலாம்; ஆயினும் பிள்ளைகள் 'ரோல்' என்றே கேட்பர், கடைக்காரரும் 'ரோல்' என்றே கொடுப்பர். ஆதலின் நாமும் அப்பெயரையே வழங்குவோம். இதனை வீட்டிலே செய்யும் முறையை எழுதுமாறு சகோதரிகள் சிலர் கேட்டுள்ளனர். 'இது நம் உணவா?' என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பதையும் நாம் அறிவோம். இரண்டிற்கும் இத்திங்கள் விடை கூற முற்படுகின்றோம்.

முதற்கண், முட்டை ரோல் என்பது ஒரு பண்டத்தின் பெயர் அன்று. ஊருக்கு ஊர் அது வேறு வேறு பண்டத்தைக் குறிக்கும். கொல்கத்தாவில் முட்டை ரோல் என்றால், கல்லிலே முட்டையை ஊற்றி அதன்மேல் பராட்டாவைப் படியவைத்துச் சுட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சைச் சாறும் இட்டுச் சுருட்டித் தாளிலே சுற்றிக் கொடுப்பது. அமெரிக்காவிலுள்ள சீன உணவுக் கடைகளில் அதே பெயரால் வழங்குவது, முட்டைக்கோசு முதலியவற்றை மாவுத் தாளில் பொதிந்து எண்ணெயிற் பொரித்தது. இலங்கையில் 'ரோல்ஸ்' என்று சொன்னால் மெல்லிய மாவு அடையில் உருளைக்கிழங்குக் கலவையுடன் முட்டையையோ மீனையோ இறைச்சியையோ வைத்துச் சுருட்டி, ரொட்டித் தூளிற் புரட்டிப் பொரித்தெடுத்தது. இலண்டன், டொரன்டோ போன்ற நகரங்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் இன்றும் இதனைக் காணலாம். நம் தென்பாண்டி நாட்டுப் பரோட்டாக் கடைகளிலே விற்கும் முட்டை வீச்சும், முட்டை லாப்பாவும், சிலோன் பரோட்டாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 'சிலோன் பரோட்டா' என்னும் பெயர் ஒன்றே போதும், இவ்வுணவுகள் எந்தக் கடலைக் கடந்து வந்தன என்பதை உணர்த்துவதற்கு.

அரிசியையே உணவாகக் கொண்ட நம்மவர் கோதுமை மாவைக் கையாளக் கற்றது எவ்வாறு? விருப்பத்தினால் மட்டும் அன்று, தேவையினாலும் ஆகும். 1942-ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் கைப்பட்டது. அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரும் இலங்கையும் ஒருங்கே தவித்தன. பங்கீட்டுக் கடையிலே கோதுமையும் மாவும் கிடைத்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்கள் அம்மாவுடன் தேங்காய்த் துருவலைச் சேர்த்துப் பிசைந்து தடித்த ரொட்டி தட்டினர். சம்பலுடன் அதனை உண்டு மலையேறினர். அந்த ரொட்டி இன்றுவரை தோட்டத் தமிழரின் அன்றாட உணவாக நிலைத்துவிட்டது.

பின்னர் 1964-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று அதில் முடிவு செய்யப்பட்டது. அவ்வாறு தாயகம் திரும்பியோரிற் சிலருக்கு வேலை தரும் பொருட்டே, பொன்முடி மலைக்கு வடக்கே, கொல்லம் மாவட்டத்துப் புனலூரைச் சார்ந்த பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. ரிஹாபிலிட்டேஷன் பிளான்டேஷன்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1976-இல் அதற்கெனத் தொடங்கப்பட்டது. பொன்முடியிலோ, அதற்கு நெடுங்காலம் முன்பே, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் நாளிலேயே, தமிழ்நாட்டினின்று வந்தோர் தேயிலை பறிக்கலாயினர். கடல் கடந்து போய்த் திரும்பியவரும், மலை கடந்து வந்து தங்கியவரும் ஆகிய இரு சாராரும் இம்மலைத்தொடரின் அடுத்தடுத்த சரிவுகளிலே வாழலாயினர். அவர்கள் வீடுகளில் அரிசிப்பானைக்கு அருகே மாவுப்பானையும் இருப்பதில் வியப்பில்லை.

ஆகவே, 'இது நம் உணவா?' என்று கேட்கும் பெரியோர்க்கு நாம் பணிவுடன் சொல்வது இது: நம் கை உழைத்த இடத்தில் நம் கை கற்றுக்கொண்டது நம்முடையதே. மிளகாயும் உருளைக்கிழங்கும் கடல் கடந்து வந்தவை அல்லவோ? அவற்றை இன்று அயலார் பொருள் என்று நாம் தள்ளுவதில்லை.

இனி, நாம் உண்மையில் சொல்ல விரும்பும் பொருளுக்கு வருவோம். நம் குடும்பங்கள் பலவற்றில் முட்டைக்கு ஒரு பங்கீட்டு முறை உண்டு. அதனை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எனினும் எழுதிய சட்டத்தைவிட அது உறுதியாக நடந்து வருகிறது. குழம்பிலே நான்கு முட்டை கிடந்தால் முதல் முட்டை குடும்பத் தலைவருக்கு. இரண்டாவது மூத்த மகனுக்கு. மூன்றாவது இளைய மகனுக்கு. எஞ்சிய ஒன்றை மாமியாரும் மகளும் பகிர்ந்து கொள்வர். சமைத்தவளுக்குக் குழம்பு மட்டும் மிஞ்சும். 'எனக்கு முட்டை பிடிக்காது' என்று அவள் சொல்வாள். அந்தச் சொல்லை வீட்டார் நம்பிவிடுகின்றனர். நாளடைவில் அவளே நம்பிவிடுகின்றாள். காலையில் பனியிலே இறங்கிக் கொழுந்து பறித்து, மாலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே அடுப்பிற்குச் செல்பவள் அவள். உடலுழைப்பில் அவள் யாருக்கும் குறைந்தவள் அல்லள். தட்டில் மட்டும் குறைந்தவள் ஆகின்றாள்.

ஒரு கோழி முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதச்சத்து உண்டு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். முட்டை ஒன்றே அதற்கு மருந்து என்று நாம் சொல்லவில்லை. கீரையும் பருப்பும் பழமும் வேண்டும், மருத்துவர் சொல்லும் மாத்திரையும் வேண்டும். ஆயினும் வீட்டிலுள்ள நல்ல உணவு பெண்ணின் தட்டிற்கு இறுதியில் வருவதும், வாராமலே போவதும் இந்த நிலைக்குத் துணை செய்கின்றன என்பதில் ஐயமில்லை.

முட்டை ரோலை நாம் போற்றுவது இதனாலேயே. குழம்பில் மிதக்கும் முட்டைக்கு ஆள் தேர்ந்து கொடுக்கலாம். ரோலுக்குள் மறைந்திருக்கும் முட்டைக்கு அவ்வாறு செய்தல் இயலாது. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு. எண்ணிச் செய்தால் எண்ணியபடியே எல்லார்க்கும் கிடைக்கும்.

இனிச் செய்முறை. பன்னிரண்டு ரோலுக்கு அளவு தருகின்றோம்.

அடைக்கு: மைதா மாவு 250 கிராம், முட்டை 1, பால் ஒரு குவளை (250 மில்லி), தண்ணீர் ஏறத்தாழ 300 மில்லி, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள்.

உள்ளீட்டிற்கு: முட்டை 6, உருளைக்கிழங்கு அரைக்கிலோ, பெரிய வெங்காயம் 2, பச்சை மிளகாய் 4, கறிவேப்பிலை, மிளகுத் தூள் ஒரு தேக்கரண்டி, கறிமசாலைத் தூள் ஒரு தேக்கரண்டி, அரை எலுமிச்சம்பழம், உப்பு.

மேற்பூச்சிற்கு: இரண்டு மேசைக்கரண்டி மைதாவைத் தண்ணீரில் கரைத்த நீர்த்த கூழ், ரொட்டித் தூள் 150 கிராம். பொரிப்பதற்குத் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ.

முதலில் முட்டையை வேகவைத்தல். இதில் மலைமேல் வாழ்வோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். பொன்முடி கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் தண்ணீர் 100 பாகையில் அன்று, ஏறத்தாழ 96 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். ஆகவே திருவனந்தபுரத்தில் கொதி வந்தபின் 10 நிமிடத்தில் கெட்டியாகும் முட்டைக்கு மலைமேல் 12 நிமிடம் கொடுக்க வேண்டும். உருளைக்கிழங்கிற்கும் இவ்வாறே கூடுதல் நேரம் வேண்டும். குக்கரில் வைத்தால் இத்தொல்லை இல்லை. அன்று இட்ட முட்டை தோலுரிக்க வாராது. நான்கு நாள் சென்ற முட்டையே இதற்கு நல்லது. வெந்ததும் குளிர்ந்த நீரிலிட்டு உரிக்க.

பழைய முட்டையோ என்ற ஐயம் எழுந்தால் தண்ணீரில் இட்டுப் பார்க்க. கிடையாகப் படுப்பது புதியது, நிமிர்ந்து நிற்பது நாட்பட்டது, மிதப்பதை விலக்கிவிடுக.

உருளைக்கிழங்கைத் தோலுரித்து மசிக்க. வாணலியில் இரு கரண்டி எண்ணெய் விட்டு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கித் தூள்களையும் உப்பையும் இட்டு, கிழங்கைச் சேர்த்து, ஈரம் போகும்வரை கிளறுக. இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிக. இக்கலவை நன்றாக ஆற வேண்டும். சூடாக இருக்கும்போதே பொதிந்தால் ஆவி கிளம்பி அடையைக் கிழித்துவிடும்.

மாவு, முட்டை, பால், தண்ணீர், உப்பு, மஞ்சள் ஆகியவற்றைக் கட்டியின்றிக் கரைத்து அரைமணி நேரம் வைக்க. நீர்த்தோசை மாவின் பதம் இதற்குப் பொருந்தும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, மிதமான தீயில், ஒரு சாண் அகலத்திற்கு மெல்லிய அடைகளாக ஊற்றுக. இருபுறமும் சிவக்காமல் வெள்ளையாகவே எடுத்தல் வேண்டும். சிவந்தால் மொறுமொறுப்பாகி மடிக்கும்போது உடையும். எடுத்த அடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியால் மூடி வைக்க.

வெந்த முட்டை ஒவ்வொன்றையும் நீளவாட்டில் நான்காக அரிக. ஒரு ரோலுக்கு இரண்டு துண்டு, அதாவது அரை முட்டை. அடையின் ஓரத்தில் கிழங்குக் கலவையை விரல் நீளத்திற்கு வைத்து, அதன்மேல் இரு துண்டுகளையும் தலையும் காலுமாகக் கிடத்துக. அருகிலுள்ள விளிம்பை மேலே மடித்து, இருபக்கமும் உள்ளே தள்ளி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டுக. கடைசி விளிம்பில் மாவுக்கூழைத் தடவி ஒட்டுக. பின்னர்க் கூழில் நனைத்து ரொட்டித் தூளிற் புரட்டுக. இரண்டு நாள் முந்திய பன்னையோ ரொட்டியையோ கல்லில் வாட்டி உதிர்த்தால் தூளுக்குக் காசு செலவாகாது.

எண்ணெய் காய்ந்ததா என்பதை அறிய ஒரு சிட்டிகைத் தூளை இடுக. அது உடனே நுரைத்து மேலே வந்தால் பதம். ஒரு தடவைக்கு மூன்றுக்கு மேல் இடாமல், திருப்பித் திருப்பிப் பொன்னிறமாகப் பொரித்தெடுக்க. உள்ளீடு முன்பே வெந்ததாதலால் மேற்பகுதி சிவந்தால் போதும்.

சிலர், தம் ரோல் எண்ணெயில் வெடித்துவிடுகிறது என்பர். காரணங்கள் நான்கு: உள்ளீடு ஆறவில்லை, கிழங்கில் ஈரம் மிகுதி, சுருட்டியதில் காற்று தங்கிவிட்டது, விளிம்பு சரியாக ஒட்டவில்லை. எண்ணெய் குடித்துவிடுகிறது என்றால், எண்ணெய் காயுமுன் இட்டனர் என்பதே பொருள். தூள் உதிர்கிறது என்றால், புரட்டியபின் கால்மணி நேரம் வைத்துப் பிறகு பொரித்தல் வேண்டும்.

முட்டை உண்ணாத இல்லத்தார் அடைமாவில் முட்டையை விடுத்து ஒரு கரண்டி மாவைக் கூட்டிக்கொள்ளலாம். உள்ளே கிழங்குடன் காரட்டும் பட்டாணியும் வைக்கலாம்.

இவ்வளவு வேலையா என்று மலைப்போர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. கொல்கத்தாக்காரர் முறையைச் சப்பாத்தியில் செய்தல். சப்பாத்தியை முதலில் சுட்டு வைத்துக்கொள்க. ஒரு முட்டையை உப்பும் மிளகும் இட்டு அடித்துக் கல்லில் ஊற்றி, அது இறுகுமுன் சப்பாத்தியை அதன்மேல் ஒட்டித் திருப்பிப் போடுக. முட்டை நன்கு வெந்தபின் நறுக்கிய வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சைச் சாறும் இட்டுச் சுருட்டுக. எண்ணெய்ச் சட்டியே தேவையில்லை. ஆளுக்கொன்று, ஐந்தே நிமிடம்.

இதனைச் சுற்றிக் கொடுக்கப் பழைய செய்தித்தாளைக் கிழிக்கும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். அச்சு மையிலுள்ள பொருள்கள் சூடான எண்ணெய்ப் பண்டத்தில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும் 2023-லும் எச்சரித்துள்ளது. நமக்கு வாழையிலை இருக்கிறது. தணலில் வாட்டிய இலை கிழியாது, மணமும் தரும். மலையாள நாட்டுப் பொதிச்சோறும் நம் கட்டுச்சோறும் அந்த இலையிலேதான் ஊர் ஊராகப் பயணம் செய்தன.

பயணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாற்றை அடைந்து, அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொன்முடி ஏறுவோர் இதனைக் கட்டிக்கொண்டு போகலாமா எனில், வேண்டா என்பதே நம் விடை. வேகவைத்த முட்டையைச் சேர்த்த பண்டத்தை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்தல் நன்றன்று. வளைவுகளில் எண்ணெய்ப் பண்டம் பிள்ளைகளின் வயிற்றில் தங்குவதும் அரிது. காலையில் கட்டி நண்பகலில் உண்ணும் தோட்ட வேலையாளருக்கும் இதே விதிதான். அவர்களுக்குத் தேங்காய் ரொட்டியே நம்பத்தக்க துணை. முட்டை ரோல் வழியுணவு அன்று, வீட்டுணவு. எல்லாரும் வேலை முடிந்தும் பள்ளி விட்டும் வந்து சேர்ந்த மாலை நேரத்திற்கு உரியது. பொரித்த உணவாதலின் நாள்தோறும் செய்வதற்கும் உரியதன்று. திங்களுக்கு இரண்டு முறை போதும்.

மாலையில் எல்லாரும் கூடியிருத்தல் இதற்கு இன்னொரு வகையிலும் ஏற்றது. ரோல் ஒருவர் கையால் செய்யத்தக்கது அன்று. ஒருவர் அடை ஊற்ற வேண்டும். ஒருவர் முட்டை உரித்து அரிய வேண்டும். ஒருவர் சுருட்ட வேண்டும். ஒருவர் தூளிற் புரட்ட வேண்டும். பிள்ளைகளுக்குத் தூளிற் புரட்டும் வேலையைப் போல் மகிழ்ச்சி தருவது வேறில்லை. பத்து வயதுப் பையன் முட்டை உரிக்கலாம்; ஆண்பிள்ளை அடுக்களைக்குள் வரலாகாது என்று எந்த நூலும் சொல்லவில்லை. வீட்டுத் தலைவர் எண்ணெய்ச் சட்டியின் அருகே நின்றால் அவர் பெருமைக்குக் குறைவு நேராது. வேலை செய்யும்போதே மாவு, மடிப்பு, விளிம்பு, பதம், தணல் என்று எத்தனை தமிழ்ச் சொற்கள் பிள்ளைகளின் காதில் விழும்! மலையாளமும் ஆங்கிலமும் பள்ளியிலே கற்கும் நம் குழந்தைகளுக்கு இச்சொற்களைக் கற்பிக்கும் வகுப்பறை வேறு எங்குள்ளது?

இறுதியாக ஒரு விதி. அடுப்பு மூட்டுமுன் வீட்டிலுள்ளோரை எண்ணுக. எண்ணும்போது அடுப்பருகே நிற்பவளையும் சேர்த்து எண்ணுக. ஆறு பேர் உள்ள குடும்பத்தில் பன்னிரண்டு ரோல் என்றால் ஆளுக்கு இரண்டு. பாட்டிக்கும் இரண்டு, பேரனுக்கும் இரண்டு, அம்மாவுக்கும் இரண்டு. பொரித்து முடித்துக் கை கழுவும் வரை அவளுடைய இரண்டும் மூடியிட்ட தட்டில் இருக்கட்டும். 'எனக்கு வேண்டாம், பிள்ளைக்குக் கொடு' என்று அவள் சொன்னால் வீட்டார் கேளாதிருத்தல் நலம். அவள் உண்ட பிறகே தட்டுகளைக் கழுவ எடுப்பது என்று வைத்துக்கொண்டால், பழைய பங்கீட்டு முறை மாறத் தொடங்கும்.

அடுத்த திங்கள் மரவள்ளிக்கிழங்கைப் பற்றிக் காண்போம்.